திருநாமம் மருந்தாகுமோ?

ஸ்ரீ:

திருவிழாக் காலங்களில் எம்பெருமான் ஸந்நிதியை நாடி வரும் அன்பர்களுள் பலர், நெஞ்சில் ஒரு நோயின் பெயரைச் சுமந்தே வருகின்றனர். ஒருவருக்குத் தீராத மூட்டுவலி, மற்றொருவருக்கு உறக்கமின்மை, வேறொருவர் படுக்கையில் கிடக்கும் குழந்தைக்காக வேண்டிக்கொள்ள வந்தவர். நாகஸ்வரமும் தவிலும் முழங்க, திவ்யப்பிரபந்த கோஷ்டி முன்னே செல்ல, வேதபாராயண கோஷ்டி பின்னே தொடர, நடுவே பெருமாள் புறப்பாடு கண்டருளும்போது, அவ்வொலியின் நடுவில் நிற்பவர்களுடைய நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்குகின்றது. அது அவரவர் அநுபவத்தில் கண்ட உண்மை.

“இவ்வொலிக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டோ?” என்னும் வினா அப்போது இயல்பாகவே எழும். அதனுடன் மற்றொரு வினாவும் எழும். அதை வாய்விட்டுக் கேட்பவர் சிலரே. “இத்தனை நாள் பாராயணம் செய்தும் நோய் தீரவில்லையே, பக்தியில் குறையோ?” என்பதே அது. முதல் வினா சாஸ்திரத்தையும் மருத்துவத்தையும் சார்ந்தது. இரண்டாவது வினா தர்மத்தைச் சார்ந்தது. நோயாளியின் கண்ணீரோடு கலந்தது. முதலாவதற்கு அவசரமாக விடை சொல்பவர்கள், இரண்டாவதைக் கேட்பவரின் நெஞ்சைத் தம்மை அறியாமலே புண்படுத்திவிடுகின்றனர். ஆகையால் இவ்விரண்டையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

நாதத்தின் பெருமை

ஆகாயத்தின் குணம் சப்தம் என்பது வைதிக தரிசனங்களின் கொள்கை. பூதங்களுள் முற்பட்டது ஆகாயம். அதன் அடையாளம் ஒலி. ‘நாதம்’ என்னும் சொல்லில் நகாரம் பிராணனையும், தகாரம் அக்கினியையும் குறிக்கும் என்று ஸங்கீத சாஸ்திரம் பொருள் கூறும். மூச்சும் உடற்சூடும் சேர்ந்து எழுப்புவதே மனிதக் குரல் என்பது இதன் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ மன்னரின் ஆதரவில் ‘ஸங்கீத ரத்நாகரம்’ இயற்றிய சார்ங்கதேவர், இசையைப் பற்றிய அந்நூலின் முதல் அத்தியாயத்திலேயே மனித உடல் கருவில் உருவாகும் முறையை விரித்துரைக்கின்றார். அவர் வைத்தியமும் அறிந்தவர். உடலை அறியாமல் குரலை அறிய இயலாது என்பது அவர் துணிபு.

இக்கல்வி தமிழகத்துக்குப் புதிதன்று. ஜெகதாப்பட்டினம் அமைந்துள்ள இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், குடுமியான்மலைக் குன்றின் பாறையில் ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு வெட்டப்பட்ட இசைக் கல்வெட்டு இன்றும் உள்ளது. கிரந்த எழுத்தில், ஏழு ராகங்களுக்குரிய ஸ்வரக் கோவைகள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லின்மேல் கதையும் கொடையும் எழுதுவது வழக்கம். ஸ்வரங்களை எழுதி வைத்த முன்னோர், ஒலியை எவ்வளவு மதித்தனர் என்பது சொல்லாமலே விளங்கும். அதே மாவட்டத்தில் திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்தருளிய திருமெய்யம் திவ்யதேசத்தில், ஸத்யமூர்த்திப் பெருமாள் ஸந்நிதியில் அருளிச்செயல் ஒலி வழிவழியாக ஒலித்து வருகின்றது.

கோயிலும் சாஸ்திரமும் மட்டும் கண்ட உண்மை அன்று இது. கடற்கரையில் வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டவர்கள் இதை எளிதில் உணர்வர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடுவர். அந்தத் தாளத்தில் எல்லோருடைய கைகளும் ஒன்றாக இழுக்கும். எல்லோருடைய மூச்சும் ஒன்றாக ஏறி இறங்கும். தனியொருவன் இழுக்க முடியாத வலை, பாட்டினால் ஒன்றுபட்ட இருபது பேருக்கு இசைந்து வரும். வலையின் எடை குறையவில்லை. சுமப்பவரின் தனிமை குறைந்தது. ஒலியின் மருத்துவத் தன்மையை விளக்க இதைவிடச் சிறந்த உவமை வேண்டுவதில்லை.

உடலில் ஒலி செய்யும் உபகாரம்

மேலைநாட்டு மருத்துவரும் இக்காலத்தில் இதனை அளந்து பார்த்துள்ளனர். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனைகளில் இசை வழங்கியதன் பயனைக் கண்ட அமெரிக்கர், 1944ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இசை மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே தொடங்கினர். அன்று முதல் அது ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளிகள் இசை கேட்கும்போது அவர்களுடைய அச்சம் ஓரளவு தணிகின்றது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்ட முடிவு.

2001ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மருத்துவர்கள் உடல்நலமுள்ள 23 பேரைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்த்தினர். கிறிஸ்தவர் ஜெபமாலை உருட்டிச் சொல்லும் லத்தீன் ஜெபத்தையும், பௌத்தர் ஓதும் மந்திரம் ஒன்றையும் அவர்கள் மாறி மாறி ஓதினர். எதை ஓதினாலும், மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறை என்னும் அளவுக்கு நிதானப்பட்டது; அதனோடு இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஓர் ஒழுங்கான லயத்தில் இசைந்தன. மறு ஆண்டு ஸ்வீடன் நாட்டார் செய்த ஆய்வில், வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று ரீங்கரிக்கும்போது மூக்கின் வழியே வெளிவரும் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு, மௌனமாக மூச்சுவிடும்போது வெளிவருவதைக் காட்டிலும் பல மடங்கு மிகுதியாவது தெரியவந்தது. மகாரத்தை நீட்டிப் பிரணவம் ஓதும்போது முகமும் நெற்றியும் அதிர்வதை ஓதுபவர் அறிவர்.

இவற்றைக் கேட்டு மகிழ்வது இயல்பு. ஆயினும் இவற்றால் நிலைநாட்டப்பட்டது எவ்வளவு என்பதையும் அளவறிந்து கொள்ளல் வேண்டும். மூச்சு நிதானப்படுகின்றது, அச்சம் தணிகின்றது, உறக்கத்துக்கு வழி பிறக்கின்றது. இவை பெரும் பேறுகளே. புற்றுநோயை ஒரு ராகம் கரைக்கும், சர்க்கரை நோயை ஒரு மந்திரம் மாற்றும் என்று சொல்ல இச்சோதனைகளில் இடமில்லை. ‘இன்ன ராகம் இன்ன நோய்க்கு’ என்று அட்டவணை எழுதி, அதற்கு விலையும் வைத்து விற்பவர்கள் இன்று பெருகியுள்ளனர். அவர்களுடைய சொல்லை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டால், அதனால் வரும் தீங்குக்கு நாதம் பொறுப்பாகாது. அதை வைத்து வாணிகம் செய்தவரே பொறுப்பாவர். பாம்பு தீண்டியவனை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல் மந்திரிக்க உட்கார்த்தி வைத்ததனால் போன உயிர்கள் கொஞ்சமல்ல. திருநாமத்தின் பெயரால் ஓர் உயிர் போகுமாயின், அது திருநாமத்துக்கே செய்யும் அபசாரம்.

ஒலி நோயைத் தணிப்பது போலவே நோயை உண்டாக்கவும் வல்லது என்பதையும் மறத்தலாகாது. குழாய் ஒலிபெருக்கியை உச்சத்தில் அலறவிடுவதைச் சிலர் பக்தியின் அளவாகக் கருதுகின்றனர். அதே தெருவில் மாரடைப்பிலிருந்து மீண்டவர் இருக்கலாம். கைக்குழந்தையோடு உறங்காத தாய் இருக்கலாம். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரையுள்ள இடம் அமைதி மண்டலம் என்றும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது பொதுவிதி என்றும் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்ட விதிகள் கூறுகின்றன. அருளிச்செயல் கோஷ்டிக்குக் குரல்களே போதுமானவை. அவை எட்டும் தூரம் வரை எட்டினால் போதும்.

மருந்தும் நாமமும் ஓரிடத்தில்

வைத்திய சாஸ்திரத்தின் ஆதிநூல்களுள் ஒன்றாகிய சரக ஸம்ஹிதை, சிகிச்சையை மூவகையாகப் பிரிக்கின்றது. தெய்வத்தைச் சார்ந்த மந்திரம், மணி, விரதம் முதலியன ஒன்று. உணவையும் மருந்தையும் யுக்தியோடு பயன்படுத்துவது மற்றொன்று. தீய விஷயங்களிலிருந்து மனத்தை மீட்டு நிறுத்துவது மூன்றாவது. இம்மூன்றில் எதையும் மற்றொன்றுக்கு எதிராகச் சரகர் நிறுத்தவில்லை. காய்ச்சலுக்குரிய சிகிச்சையைக் கூறும் அத்தியாயத்தில், கஷாயங்களையும் நெய்களையும் பத்தியத்தையும் மிக விரிவாகக் கூறுகின்றார். அதே அத்தியாயத்தில், ஆயிரம் திருநாமங்களால் மஹாவிஷ்ணுவைத் துதிப்பதையும் காய்ச்சல் தீர்க்கும் சாதனமாகக் கூறுகின்றார். பிற்பகுதியை மட்டும் எடுத்துக் காட்டி முற்பகுதியை மறைப்பவர் சரகருக்கு நியாயம் செய்தவர் ஆகார். முற்பகுதியை மட்டும் படித்துப் பிற்பகுதியைப் பரிகசிப்பவரும் அவ்வாறே.

நூலில் மட்டுமன்றிக் கோயிலிலும் இவ்விரண்டும் ஒன்றாகவே வாழ்ந்தன. பாலாறு, வேகவதி, செய்யாறு ஆகிய மூன்றும் கூடுமிடத்தில், செங்கற்பட்டுக்கும் காஞ்சிக்கும் இடையே உள்ளது திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனுடைய காலத்து, அதாவது பதினொன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அக்கோயிலைச் சேர்ந்து வேதமும் வியாகரணமும் கற்பிக்கும் பாடசாலை நடந்ததையும், மாணாக்கர் உண்டு உறைய விடுதி இருந்ததையும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை இயங்கியதையும் அது தெரிவிக்கின்றது. ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்டிர் ஆகியோருக்குரிய ஊதியமும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் வரிசையாக உள்ளன. காலையில் பாடசாலையிலிருந்து எழுந்த வேத ஒலி, ஆதுலசாலையில் படுத்திருந்தவர் செவியிலும் விழுந்திருக்கும். அவர் அருகில் மருந்துக் கிண்ணமும் இருந்திருக்கும். ஸ்ரீரங்கம் பெரிய கோயிலிலும் ஆரோக்யசாலை இருந்ததைக் கல்வெட்டுகள் கூறும். தன்வந்திரி பகவானுக்கு அங்கே இன்றும் ஸந்நிதி உண்டு.

ஸ்ரீமத் ராமாயணத்தையும் நினைத்துப் பார்க்கலாம். போர்க்களத்தில் இளையபெருமாள் மூர்ச்சித்து விழுந்தபோது அருகில் இருந்தவன் ஸாக்ஷாத் சக்கரவர்த்தித் திருமகனே. எந்தத் திருநாமத்தைச் சொன்னால் வினை தீருமோ அந்தத் திருநாமத்துக்கு உடையவன் அங்கேயே நிற்கின்றான். அப்படியிருந்தும் சுஷேணன் மருந்தின் அடையாளம் சொன்னான். திருவடி மலையைப் பெயர்த்துக் கொணர்ந்தார். மூலிகையை அரைத்து மூக்கில் காட்டிய பின்னரே இளையபெருமாள் எழுந்தார். மருந்தை நாடுவது விசுவாசக் குறைவு என்று எண்ணுபவர்களுக்கு இதைக் காட்டிலும் தெளிவான விடை எங்கே கிடைக்கும்? மருந்தை அனுப்புகின்றவனும் அவனே. ஸஹஸ்ரநாமத்தில் ஸாமம் பாடுபவன், ஸாமமாகவே இருப்பவன் என்று பொருள்படும் திருநாமங்களுக்குச் சற்றே பின்னால், மருந்து என்றும் மருத்துவன் என்றும் பொருள்படும் திருநாமங்கள் வருகின்றன. கானமும் ஒளஷதமும் அவனிடத்தில் அடுத்தடுத்தே உள்ளன.

தீர்ந்தவரும் தீராதவரும்

இனி இரண்டாவது வினாவுக்கு வரலாம். பாராயணத்தால் நோய் தீர்ந்தவர்களுக்குச் சிறந்த உதாரணம் மேல்புத்தூர் நாராயண பட்டதிரி. அவருடைய ஆசாரியராகிய அச்யுத பிஷாரடி வாதநோயால் வருந்தியபோது, அந்நோயைத் தமக்கு வருமாறு வேண்டி பட்டதிரி ஏற்றுக்கொண்டார் என்பது கேரளத்து ஐதிஹ்யம். கைகால் முடங்கிய அவருக்கு, ‘மீனைத் தொட்டுத் தொடங்கு’ என்று எழுத்தச்சன் சொல்லி அனுப்பினாராம். மீனுணவு கொள்ளாத குலத்தவராகிய பட்டதிரி திடுக்கிடவில்லை. மத்ஸ்யாவதாரம் முதலாக எம்பெருமானுடைய அவதாரங்களைப் பாட வேண்டும் என்பதே உட்பொருள் என்று உணர்ந்தார். கடலை நம்பி வாழும் ஜெகதாப்பட்டினத்து அன்பர்களுக்கு அக்கட்டளை தனிச்சுவை தரும். வலையில் அகப்படும் மீனின் வடிவையும் பகவான் தனக்குத் திருமேனியாகக் கொண்டான் அன்றோ?

பட்டதிரி குருவாயூரப்பன் ஸந்நிதியில் அமர்ந்து, பாகவதத்தின் ஸாரத்தை நாளுக்கு ஒரு தசகமாக 100 நாளில் 100 தசகங்கள் பாடி, 1586ஆம் ஆண்டு நாராயணீயத்தை நிறைவு செய்தார். நிறைவில் வாதநோய் நீங்கப்பெற்றார் என்பர். அந்நூலின் கடைசிச் சொற்கள் ஆயுளையும் ஆரோக்கியத்தையும் சுகத்தையும் உலகுக்கு வேண்டுவன. அவற்றின் எழுத்துகளையே எண்களாக மாற்றிப் படித்தால் 17,12,210 என்று வரும். நூல் முடிந்த கலிதினம் அதுவே. நலம் வேண்டும் சொல்லே நாளைக் குறிக்கும் கணக்காகவும் அமைந்த அதிசயம் அது.

அத்தகைய கதைகளைக் கேட்டுவிட்டு, தீராத நோயோடு வீடு திரும்புகின்றவர் என்ன எண்ணுவார்? அவருக்காகவே ஸம்ப்ரதாயம் வேறு சிலருடைய சரித்திரங்களையும் காத்து வைத்துள்ளது.

சோழனுடைய சபையில் கண்களை இழந்தவர் கூரத்தாழ்வான். எம்பெருமானார் நியமித்தபடி அவர் காஞ்சி வரதனைக் குறித்து வரதராஜஸ்தவம் பாடினார். திருவுள்ளம் உகந்த பேரருளாளன் ‘வேண்டியதைக் கேள்’ என்றபோது, ஆழ்வான் கண்களைக் கேட்கவில்லை. தமக்குத் தீங்கு விளைவித்த நாலூரானுக்கு, தாம் பெறும் நற்கதியையே கேட்டார் என்று குருபரம்பரை கூறும். ஸ்தோத்ரம் பலித்தது, பார்வை திரும்பவில்லை. ஆழ்வானுடைய பக்தியில் குறை கண்டவர் எவரும் இல்லை. அவருடைய திருக்குமாரராகிய பராசர பட்டரே பின்னாளில் ஸஹஸ்ரநாமத்துக்கு ‘பகவத்குண தர்ப்பணம்’ என்னும் வியாக்யானம் அருளினார். காய்ச்சல் தீர்க்கும் என்று சரகர் சொன்ன அதே ஆயிரம் திருநாமங்களுக்கு உரை பிறந்தது, கண்ணிழந்த தந்தையின் இல்லத்தில் என்பது சிந்திக்கத்தக்கது.

ஸ்தோத்ர ரத்நம் அருளிய ஆளவந்தாருக்கும் முதுகில் ராஜபிளவை கண்டது. அவருடைய சிஷ்யராகிய மாறனேரி நம்பி, அந்நோயைப் பிரஸாதமாகத் தமக்குத் தந்தருள வேண்டினார், பெற்றார், அவ்வேதனையோடே வாழ்ந்து பரமபதித்தார். நோய் வந்ததே பக்திக் குறைவின் அடையாளம் என்று கொண்டால், ஆளவந்தாரையும் ஆழ்வானையும் எந்த வரிசையில் வைப்பது?

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆயிரம் திருநாமங்கள் உலகுக்குக் கிடைத்த இடத்தையே நினைக்க வேண்டும். அவற்றைத் தருமபுத்திரருக்கு உபதேசித்த பீஷ்மர் அம்புப்படுக்கையில் கிடந்தார். உபதேசம் தொடங்குவதற்கு முன்னரே, அவருக்கு எரிவும் சோர்வும் வேதனையும் தோன்றாதபடி கண்ணன் அருள்செய்தான். வேதனை நீங்கிற்று; அம்புகள் அப்படியே இருந்தன. உத்தராயணம் வந்ததும் அவர் உடலை நீத்தார். உடம்பு பழைய நிலைக்குத் திரும்புவது ஒரு வகை நலம். உடம்பு திரும்பாதபோதும் உள்ளம் தெளிந்து, பிறருக்கு நல்லது சொல்லும் ஆற்றல் பெறுவது மற்றொரு வகை நலம். முன்னது மருத்துவராலும் வரும், ஸ்தோத்ரத்தாலும் வரும், சில வேளைகளில் எதனாலும் வராது. பின்னதைத் தடுக்க எந்த நோய்க்கும் வலிமை இல்லை.

கேட்பது யாருக்காக?

திருநாமத்தை வணிகப்பொருளாக நினைப்பதே எல்லாத் துன்பத்துக்கும் மூலம். ‘இத்தனை உரு ஜபித்தேன், இத்தனை ஆரோக்கியம் தா’ என்பது கொடுக்கல் வாங்கல். அதற்காக நோயுற்றவன் ஆரோக்கியம் கேட்பது தவறு என்று பொருள் கொள்ளல் ஆகாது. துன்புற்று வந்தவனையும் பகவான் தன் பக்தர் நால்வகையினருள் ஒருவனாகக் கீதையில் எண்ணிக்கொண்டான். அவனையும் உதாரன் என்றே கொண்டாடினான். வலிக்கும்போது ‘அம்மா’ என்று கூவுகின்ற குழந்தை பேரம் பேசுவதில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லுகின்றது. அழைத்த குரலுக்குத் தாய் வருவாள். வரும்போது கையில் மருந்தோடு வருவாளோ, மடியை மட்டும் தருவாளோ என்பது அவள் அறிந்த செய்தி.

மேற்சொன்ன சரித்திரங்களில் ஒற்றுமை ஒன்று உண்டு. பட்டதிரிக்கு நோய் வந்தது ஆசாரியருக்காக. மாறனேரி நம்பிக்கு நோய் வந்ததும் ஆசாரியருக்காக. கூரத்தாழ்வான் கேட்ட வரம் தம்மைக் கெடுத்தவனுக்காக. பீஷ்மர் வாய் திறந்தது, போர் முடிந்த பின் உறவினரைக் கொன்ற துயரத்தால் மனம் நோயுற்ற தருமபுத்திரருக்காக. நோய் தீர்க்கும் ஒலிகள் என்று உலகம் போற்றுபவை இங்கே பெரும்பாலும் பிறருக்காக எழுந்த ஒலிகளே.

அருளிச்செயல் கோஷ்டி தொடங்கும் முறையும் இதனையே கற்பிக்கின்றது. எந்தத் திவ்யதேசத்திலும் முதலில் ஒலிப்பது பெரியாழ்வார் அருளிய திருப்பல்லாண்டு. தமக்கு நீண்ட ஆயுளை வேண்டி ஆழ்வார் அதைப் பாடவில்லை. குறையொன்றும் இல்லாத எம்பெருமானுக்கு என்ன தீங்கு நேருமோ என்று அஞ்சி, அவன் நலம் வேண்டிப் பாடினார். எவனிடம் நலம் கேட்க உலகம் வரிசையில் நிற்கின்றதோ, அவனுக்கே நலம் கேட்டவர் ஆழ்வார். தன் நோயை எண்ணிக் கலங்கி வந்த ஸேவார்த்தியும், கோஷ்டியில் சேர்ந்து அந்த முதற்சொல்லை உச்சரிக்கும் கணத்தில், மற்றொருவருக்காகக் கவலைப்படுபவராக மாறிவிடுகின்றார். நோயின் கொடுமையில் பாதி, அது மனிதனைத் தன்னையே நினைக்கும்படி சிறைப்படுத்துவது. அச்சிறையின் கதவை அவ்வொலி திறந்துவிடுகின்றது.

இதைச் செயலில் காட்ட வேண்டிய இடங்கள் இக்கரையில் பல உண்டு. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோர மக்களும் வீடுகளையும் படகுகளையும் தென்னந்தோப்புகளையும் இழந்தனர். படகை மீண்டும் கட்டலாம். காற்று எழும்போதெல்லாம் திடுக்கிடும் நெஞ்சை எளிதில் கட்ட இயலாது. ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடலுக்குச் சென்றவர்கள் இலங்கைக் கடற்படையினரால் சிறைபிடிக்கப்பட்ட செய்தி வந்த நாள்களில், அவ்வீடுகளில் இரவு எவ்வளவு நீளமானது என்பதை அங்குள்ள தாய்மார் அறிவர். அத்தகைய வீட்டின் திண்ணையில் நால்வர் சென்று அமர்ந்து, தாழ்ந்த குரலில் திருநாமம் சொல்லுவதும், சொல்லி முடித்தபின் அவ்வீட்டார் பேசுவதைக் கேட்டிருப்பதும் உயர்ந்த ஒலி மருத்துவம். நோயாளி அருகில் அமர்ந்து ஸஹஸ்ரநாமம் ஓதுபவர், எழுவதற்கு முன் ‘மாத்திரை உண்டாயிற்றா?’ என்று கேட்பாராயின், சரகர் கூறிய சிகிச்சை மூன்றும் அங்கே நிறைவேறும்.

நோய் தீர்ந்தவரிடம் ‘உம்முடைய பக்தி பலித்தது’ என்று சொல்லி மகிழ்வதில் தவறில்லை. தீராதவரிடம் ‘உம்முடைய பக்தி போதாது’ என்று ஒருபோதும் சொல்லலாகாது. அச்சொல்லும் ஓர் ஒலியே; மருந்தில்லாத காயத்தை உண்டாக்கும் ஒலி. அவரிடம் சொல்லத்தக்கது ஒன்றே: ‘இன்று உமக்காக நாங்கள் சொல்லுகிறோம், நீர் கேட்டிரும்.’

ஆகவே திருநாமம் மருந்தாகுமோ என்று கேட்டால், ஆகும் என்பதே விடை. மூச்சுக்கும் அச்சத்துக்கும் தனிமைக்கும் அது மருந்து. மருத்துவர் தரும் மருந்துக்கு அது துணை. தீராத நோயிலும் கைவிடாத உறவு. விழாவுக்கு வந்துள்ள அன்பர்கள் ஒவ்வொருவரும், கோஷ்டியின் ஒலி செவியில் நிறையும் வேளையில், தம் நோயோடு அடுத்து நிற்பவருடைய நோயையும் ஒருகணம் எண்ணி, அவருக்காக ஒரு திருநாமம் சொல்லுவாராக. அவ்வாறு ஒவ்வொருவரும் மற்றவருக்காகச் சொல்லும்போது, அக்கூட்டத்தில் தமக்காகச் சொல்ல ஒருவர் இல்லாதவர் எவரும் இரார்.

எங்கும் நலம் பெருகுக. மங்களம்.